எழுத்தில் எழும் முகம்

சென்ற ஆண்டு அரபுக் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டோம். அக்கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றி மறைந்த பேராசிரியர் ஒருவரின் உருவப்படம் கண்ணாடிச் சட்டமிட்டு மேடையோரம் வைக்கப்பட்டிருந்தது. பத்தடித் தொலைவிலிருந்து நோக்கியபோது அது வழக்கமான நிழற்படமாகவே தோன்றியது. அருகில் சென்ற பின்னர்தான் தலைப்பாகையும் நெற்றிச் சுருக்கமும் தாடியும் யாவும் அரபி எழுத்துகளால் ஆனவை என்பது விளங்கிற்று. அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் யாஸீன் அத்தியாயத்தைக் கணினியில் அடுக்கடுக்காகப் பதித்து, அவ்வெழுத்துகளின் அடர்த்தியைக் கொண்டே ஆசிரியரின் முகத்தை வரவழைத்திருந்தார். கண்டோர் வியந்தனர். எண்பது வயதைக் கடந்த ஹாஃபிழ் ஒருவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, படத்தை ஓத முயன்றார். இயலவில்லை. "இது எங்கே ஆரம்பிக்குது தம்பி?" என்று கேட்டார். "ஹஜ்ரத், இதை ஓதுறதுக்காகச் செய்யலே" என்று இளைஞர் தயக்கத்தோடு விடையிறுத்தார்.

அன்று உணவு வேளையில் எழுந்த விவாதத்தில் இரு கருத்துகள் மோதின. எழுத்தால் உருவம் சமைப்பது முஸ்லிம்களின் பழங்கலை. இளைஞர் முன்னோர் செய்ததையே புதுக் கருவியால் செய்திருக்கிறார் என்றனர் சிலர். அத்தகைய வழக்கம் இஸ்லாமிய நாகரிகத்தில் எக்காலத்தும் இருந்ததில்லை என்றனர் வேறு சிலர். வரலாற்றை நோக்கின் இவ்விரண்டுமே பாதி உண்மைகள். நிழற்படம் பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களிடையே நீண்ட விவாதத்துக்குரியது. அதனை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துக்கும் உருவத்துக்கும் நம் மரபில் நிலவிய உறவு எத்தகையது என்பதே நம் வினா. அந்த முதியவர் கேட்ட கேள்வியும் அதனுள் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

முதலில் அப்படம் உருவான முறையை அறிந்துகொள்வது நலம். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருள், 1994ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் 'லேயர்' எனப்படும் அடுக்குமுறையைப் பெற்றது. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே வரைவது போன்றது இது. எழுத்துருவப்படம் செய்வோர் முதலில் முகத்தின் நிழற்படத்தை வண்ணம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குவர். பின்னர் ஒளி, நடுத்தொனி, நிழல் எனச் சில படிகளாக அதனைப் பிரிப்பர். அதன்மேல் எழுத்தடுக்குகள் அமையும். பெரிய எழுத்துகள் இடைவெளியோடு ஓரடுக்கில் இருக்கும். சிறிய எழுத்துகள் நெருக்கமாக வேறோர் அடுக்கில் இருக்கும். இன்னும் நுண்ணியவை மற்றோர் அடுக்கில். நிழல் அடர்ந்த இடத்தில் எல்லா அடுக்குகளும் தெரியுமாறும், ஒளி விழும் இடத்தில் ஓரடுக்கு மட்டும் தெரியுமாறும் மறைப்பு இடுவர். கன்னத்தின் வளைவுக்கும் மூக்கின் மேட்டுக்கும் ஏற்ப வரிகள் நெளிய வேண்டுமாயின், அம்முகத்தின் ஒளிநிழலையே அளவாகக் கொண்டு எழுத்துகளை இடம்பெயர்க்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. பொறுமை உள்ளவர்க்கு ஒரு நாள் வேலை. அதில் கலை இல்லை என்று நாம் கூறமாட்டோம்.

ஆயினும் இம்முறையில் எழுத்துக்கு நேர்வது யாது என்பதைக் கவனித்தல் வேண்டும். மறைப்பின் விளிம்பு எங்கு விழுகிறதோ அங்கே எழுத்து வெட்டுப்படுகிறது. ஒரு சொல்லின் முற்பாதி தாடியில் நிற்க, பிற்பாதி வெளிச்சத்தில் கரைந்து விடுகிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிகையில் ஒரு வசனம் மற்றொரு வசனத்தின் குறுக்கே ஓடுகிறது. இதற்கும் மேலாக மற்றோர் இடையூறு. அரபி எழுத்துகள் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வெவ்வேறு வடிவம் கொண்டு இணைபவை. அம்மென்பொருளின் பொதுப் பதிப்பு நெடுங்காலம் இவ்விணைப்பை அறியவில்லை. அரபிக்கென மத்திய கிழக்குப் பதிப்பு ஒன்று தனியே வெளியிடப்பட்டு வந்தது. பொதுப் பதிப்பில் அரபி வாசகத்தை ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் நிற்கும். பிற்காலப் பதிப்புகளில் அக்குறை நீங்கிவிட்ட போதிலும், பழைய பதிப்புகளைக் கொண்டு அச்சிடப்பட்ட எத்தனையோ சுவரொட்டிகளில் சிதறிய பிஸ்மில்லாஹ்வை நாமே கண்டிருக்கிறோம். அந்த இளைஞரின் படத்திலும் நெற்றிப் பகுதியில் இது நேர்ந்திருந்தது. முதியவர் தடுமாறியதற்குக் கண்பார்வை காரணமன்று.

அரபி எழுத்தணிக்கலை தோன்றிய நாள் முதலே அளவையே அதன் உயிர். ஹிஜ்ரீ நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் அமைச்சராயிருந்த இப்னு முக்லா அவ்வளவைக்கு இலக்கணம் வகுத்தவராகப் போற்றப்படுகிறார். நாணற் பேனாவின் முனையைத் தாளில் ஊன்றினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அலகு. அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் பிற எழுத்துகளின் வளைவு அடங்கவேண்டும். அரசியற் பகையால் வலக்கை வெட்டப்பட்டுச் சிறையிலேயே கி.பி. 940இல் இறந்த அம்மனிதர், எழுத்துகளுக்கு மட்டும் சிதையாத ஒழுங்கைத் தந்து சென்றார். எழுத்தை முகத்தின் மேடுபள்ளங்களுக்கேற்ப நெளிக்கும்போது முதலில் அழிவது இந்தப் புள்ளிக் கணக்குத்தான்.

இவ்வொழுங்கை முஸ்லிம் கலைஞர்கள் ஒருபோதும் மீறவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஹிஜ்ரீ 559, அதாவது கி.பி. 1163இல் ஹிராத் நகரில் வார்க்கப்பட்ட வாளி ஒன்று இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெள்ளியும் செம்பும் இழைத்த அந்த வாளியின் வாசகங்களில், நெட்டெழுத்துகள் மேலே செல்லச் செல்ல மனிதத் தலைகளாகவும் உடல்களாகவும் மாறுகின்றன. வார்த்தவர், இழைத்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர்களும் அதில் உள்ளன, அனைவரும் முஸ்லிம்கள். பின்னர் ஈரானிலும் துருக்கியிலும் இந்தியாவிலும் பிஸ்மில்லாஹ் பறவையாயிற்று. அலீ (ரலி) அவர்களின் 'அஸதுல்லாஹ்' என்னும் சிறப்புப் பெயரை எண்ணி, அவர்களை விளிக்கும் வேண்டுதல் சிங்க வடிவாயிற்று. இச்சிங்கங்கள் பெரும்பாலும் ஷீஆ வட்டாரங்களிலும் சூஃபி தர்காக்களிலும் வழங்கியவை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அவற்றை ஏற்பதும் ஏற்காததும் வேறு. அவை இருந்தன என்பதை மறைத்தல் வரலாறாகாது.

விலங்கோடும் பறவையோடும் இது நின்றுவிடவில்லை. மனித முகமும் எழுத்தால் எழுதப்பட்டது. கி.பி. 1394இல் நக்ஜிவான் அருகே கொல்லப்பட்ட ஃபள்லுல்லாஹ் அஸ்தராபாதீ தோற்றுவித்த ஹுரூஃபீ இயக்கத்தார், இறைவனின் எழுத்துகளை மனித முகத்திலேயே வாசிக்கலாம் என்று கருதினர். தலைமுடியின் கோடு ஒன்று, புருவங்கள் இரண்டு, இமைமயிர் வரிகள் நான்கு என ஏழு கோடுகளோடு மனிதன் பிறக்கிறான். அவை எழுத்துகளே என்பது அவர்தம் வாதம். அறிஞர் பெருமக்கள் இதனை வழிகேடு என்று தள்ளினர். நாமும் அதற்கு மாறுபடவில்லை. ஆனால் அக்கருத்து அழிந்துவிடவில்லை. அனதோலியாவின் பெக்தாஷி தர்வேஷ்களிடையே அது புகுந்தது. அல்லாஹ், முஹம்மத், அலீ, ஹஸன், ஹுஸைன் என்னும் திருப்பெயர்களைப் புருவமாகவும் கண்ணாகவும் மூக்காகவும் இணைத்து முகம் போல் அமைக்கும் பலகைகள் அவர்களுடைய தக்கியாக்களில் தொங்கின. பாரசீகக் கவிஞர்கள் அலிஃபை நெடிய உருவுக்கும் நூனைப் புருவத்துக்கும் மீமை வாய்க்கும் உவமித்தது எல்லோரும் அறிந்த கவிமரபு. பெக்தாஷிகள் உவமையை உருவாகவே ஆக்கிவிட்டனர்.

எனவே "எக்காலத்தும் இருந்ததில்லை" என்பார் கூற்று நிலைக்காது. எனினும் இவற்றுக்கும் நாம் மேடையில் கண்ட படத்துக்கும் அடிப்படையானதொரு வேற்றுமை உண்டு. சிங்கத்திலும் பறவையிலும் பெக்தாஷி முகத்திலும் எழுத்தே கோடு. முதுகின் வளைவு ஒரு யாவின் வால். புருவம் ஒரு பெயரின் நீட்சி. சிரமப்பட்டாயினும் அதனை வாசித்துவிடலாம். எழுத்தை நீக்கினால் உருவமே இல்லை. உருவத்தின் பொருட்டு எழுத்து வெட்டப்படவும் இல்லை. கணினிப் படத்தில் எழுத்து கோடாக நிற்கவில்லை, நிழலாக ஆகிவிடுகிறது. அங்கு யாஸீனுக்குப் பதிலாக ஒரு தொலைபேசி விவரத்திரட்டின் பக்கத்தை இட்டிருந்தாலும் அதே முகம்தான் தோன்றியிருக்கும்.

அப்படியாயின் நிழலாகும் எழுத்து எங்கிருந்து வந்தது? அதன் வம்சாவளி வேறு திசையில் செல்கிறது. நுண்ணெழுத்தை வரிசையாக ஓடவிட்டு உருவங்களை அமைக்கும் வழக்கம் முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளில் வாழ்ந்த யூத எழுத்தர்களிடம் இருந்தது. ஏறத்தாழ 1008இல் எகிப்தில் எழுதப்பட்ட ஹீப்ரு வேதச் சுவடி ஒன்றின் அணிப்பக்கங்களில், குறிப்புரை எழுத்துகளே வடிவியற் கோலங்களாக ஓடுகின்றன. ஹிராத் வாளி இருக்கும் அதே நகரின் நூலகத்தில் அச்சுவடியும் இருப்பது தற்செயல். நம்மவரிடமும் 'குபார்', அதாவது தூசி, என்னும் பெயரில் நுண்ணெழுத்து உண்டு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவில் செய்யப்பட்ட பருத்திச் சட்டைகளில் திருக்குர்ஆன் வாசகங்கள் கட்டங்கட்டமாக அவ்வாறு எழுதப்பட்டுள்ளன. ஐரோப்பாவிலோ நுண்ணெழுத்து மனித முகத்தை நாடிற்று. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரின் தலைமுடியைச் சங்கீத வாசகங்களால் வரைந்த 17ஆம் நூற்றாண்டுப் படம் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான் கல்லூரியில் உள்ளது. கைகளும் கால்களும் முழுமையாக இன்றிப் பிறந்த மத்தியாஸ் புக்கிங்கர் என்னும் ஜெர்மானியர் 1724இல் தம் உருவத்தைத் தாமே வரைந்தார். அதன் சுருள்முடிக்குள் ஏழு சங்கீதங்களும் கிறிஸ்தவர்களின் கர்த்தர் ஜெபமும் அடங்கியுள்ளன. இங்கும் எழுத்து முடிக்கற்றையின் கோட்டையே பின்பற்றுகிறது என்பதைக் கவனிக்கலாம். எழுத்து முற்றிலும் நிழலாக மாறியது கணினியில்தான். 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென்னத் நோல்டனும் லியோன் ஹார்மனும் ஒரு நிழற்படத்தைத் தொனிப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னத்தை இட்டு அச்சிட்டனர். அருகில் வெறும் சின்னங்கள். எட்ட நின்றால் உருவம். சின்னங்களின் பொருள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கருமை எவ்வளவு என்பதே கணக்கு. கல்லூரி மேடையிலிருந்த படத்தின் நேர் மூதாதை இதுவேயன்றி இஸ்தான்பூலின் எழுத்தணிக்கலை அன்று.

ஆனால் அந்த இளைஞரின் நோக்கம் பெல் ஆய்வுக்கூடத்தாரின் நோக்கம் அன்று. தாம் நேசித்த ஒருவரை எழுத்தால் கண்முன் நிறுத்த வேண்டும் என்று அவர் விரும்பினார். இவ்விருப்பத்துக்கு நம் மரபில் உரிய வடிவம் உண்டு. அதுவே ஹில்யா.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமேனி வருணனைகளை நபித்தோழர்கள் சொல்லிச் சென்றனர். அவற்றை ஹிஜ்ரீ 279இல் மறைந்த இமாம் திர்மிதீ (ரஹ்) தமது ஷமாயில் நூலில் தொகுத்தார். அவற்றுள் அலீ (ரலி) அவர்களைத் தொட்டு, அவர்களுடைய வழித்தோன்றலான இப்ராஹீம் இப்னு முஹம்மத் அறிவிக்கும் வருணனையே ஹில்யாக்களில் பெரிதும் எழுதப்படுவது. உயரம், முடி, முகத்தின் வட்டம், நிறம், கண், இமை, மூட்டுகள், நடை, பிறரை நோக்கித் திரும்பும் முறை என்று அது செல்கிறது. இந்த வருணனையில் ஒரு நுட்பம் உண்டு. உயரமும் முடியும் முகமும் கூறப்படுமிடத்தில், இரு எல்லைகளையும் மறுத்து இடையில் நிறுத்தும் முறை மீண்டும் மீண்டும் வருகிறது. இதுவும் அன்று, அதுவும் அன்று. சொல்லுக்கு இது எளிது, தூரிகைக்கு இயலாது. ஓவியன் ஏதேனும் ஓர் உயரத்தைத் தேர்ந்தேயாக வேண்டும். வருணனையின் முடிவோ உடலை விட்டு விலகி, கண்டவர்களின் உள்ளத்துக்குச் செல்கிறது: திடீரெனக் கண்டோர்க்கு என்ன நேர்ந்தது, பழகியோர்க்கு என்ன நேர்ந்தது என்று சொல்லி அமைகிறது. ஷமாயிலை ஆழ்ந்து ஓதுவோர் இறுதியில் ஒரு முகத்தைக் 'காண்பதில்லை'. அம்முகத்தைக் கண்டவர்களுடன் நிற்கிறார்கள். உருவம் வரையத் தடை இருந்ததால் எழுத்தை ஈடாகக் கொண்டனர் என்று சில மேலைநாட்டார் ஹில்யாவை விளக்குவதுண்டு. அது குறைபட்ட விளக்கம் என்பதே நம் கருத்து. ஓவியத்தால் ஆகாத ஒன்றை அவ்வாசகம் செய்கிறது.

உஸ்மானியத் துருக்கியில் இவ்வருணனை பெரிதும் போற்றப்பட்டது. கவிஞர் காகானீ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைத் துருக்கிய மொழியில் நெடும்பாவாக விரித்தார். மக்கள் வாசகத்தைச் சிறு தாளில் எழுதி மடித்து மார்புப் பையில் வைத்துக்கொண்டனர். அதனைச் சுவரில் தொங்கும் பலகையாக அமைத்து, இன்றுவரை மாறாத அமைப்பை அளித்த பெருமை ஹாஃபிழ் உஸ்மான் (1642-1698) அவர்களுக்கு உரியது. ஷைகு ஹம்துல்லாஹ்வின் நஸ்கு மரபை மேலும் தெளிவாக்கியவர். சுல்தான் இரண்டாம் முஸ்தஃபாவின் எழுத்தாசான். இவரைப் பற்றித் துருக்கியர் சொல்லும் கதை ஒன்று உண்டு. படகில் நீரிணையைக் கடந்த போது கூலி கொடுக்கக் காசில்லாமல், ஒரு தாளில் வாவ் எழுத்தை மட்டும் எழுதித் தந்தாராம். முகம் சுளித்து வாங்கிய படகோட்டி அதனைக் கடைத்தெருவில் பெருந்தொகைக்கு விற்றானாம். அடுத்த முறை அவர் காசை நீட்டியபோது, காசு வேண்டாம், ஒரு வாவ் போதும் என்றானாம். கதை உண்மையோ அன்றோ, ஓர் எழுத்தின் மதிப்பு அந்நகரில் எவ்வாறிருந்தது என்பதைக் காட்டுகிறது.

அவர் வகுத்த அமைப்பில் மேலே பிஸ்மில்லாஹ். அதன்கீழ் பெரு வட்டம். அதனுள் அலீ (ரலி) அவர்களின் வருணனை நுண்ணிய நஸ்கு எழுத்தில் வரிவரியாக நிற்கும். வட்டத்தைச் சூழ்ந்து பொன்னால் ஆன பிறை. நான்கு மூலைகளில் நான்கு கலீஃபாக்களின் பெயர்கள். வட்டத்தின் கீழ் ஸுலுஸ் எழுத்தில் திருவசனம் ஒன்று. பெரும்பாலும் அல்அன்பியா அத்தியாயத்தின் 107ஆம் வசனம். அதற்குக் கீழே வருணனையின் எஞ்சிய வரிகளும், ஸலவாத்தும், எழுதியவரின் பெயரும், ஹிஜ்ரீ ஆண்டும். அவ்வரிகளின் இருமருங்கும் பொன்னணிக் கட்டங்கள். எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு இடமே இல்லை.

இப்பகுதிகளுக்குத் துருக்கிய எழுத்தணிக் கலைஞர்கள் வழங்கிய பெயர்கள் சிந்திக்கத்தக்கவை. பிஸ்மில்லாஹ் இருக்குமிடம் 'பாஷ் மகாம்', தலையிடம். நடு வட்டம் 'கோபெக்', அதாவது வயிறு. கீழ்ப்பகுதி 'எதெக்', அங்கியின் கீழ்விளிம்பு. பக்கக் கட்டங்கள் 'கொல்துக்'. அச்சொல்லுக்குக் கக்கம் என்பது பொருள். தலையும் வயிறும் கக்கமும் அங்கியும் உள்ள ஒரு மேனியாகவே அத்தாள் கருதப்பட்டது. ஆயினும் அதில் ஒரு கண்ணோ கையோ வரையப்படவில்லை. ஓர் எழுத்தும் வெட்டப்படவில்லை. உருவம் பெயரளவில் மட்டும் தங்கி, எழுத்து எழுத்தாகவே நின்றது.

அதற்கான உழைப்பும் சிறிதன்று. தாளுக்கு முட்டை வெண்கருவும் படிகாரமும் கலந்து பூசி, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்ப்பர். விளக்குக் கரியால் ஆன மை அத்தாளுள் ஊறாது. பிழை நேர்ந்தால் சுரண்டித் திருத்தலாம். நஸ்குக்கு ஒரு பேனா, ஸுலுஸுக்கு மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் பயின்ற மாணவர், ஆசிரியரின் இஜாஸாவைப் பெறுவதற்கு ஹில்யா எழுதிக் காட்டும் வழக்கமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கழ்அஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபந்தி (1801-1876) அதனைப் பேரளவில் எழுதினார். அயா ஸோஃபியாவின் ஏழரை மீட்டர் அகல வட்டப் பலகைகளை எழுதியவரும் அவரே. 1928இல் துருக்கி இலத்தீன் எழுத்துக்கு மாறியபோது எழுத்தணிக் கலைஞர் பலர் பிழைப்பிழந்தனர். ஹில்யா மட்டும் வீடுகளின் சுவரில் நின்றது. ஹில்யாவைப் பார்ப்பவர் நபிகளாரையே பார்த்தவராவார் என்ற கருத்தில் வழங்கும் ஓர் அறிவிப்பை ஹதீஸ் துறையினர் வலுவுடையதாகக் கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

ஹாஃபிழ் உஸ்மான் பிறந்த 1642ஆம் ஆண்டையே நம் உமறுப்புலவரின் பிறப்பாண்டாகவும் குறிப்பிடுவது வழக்கம். ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லாத இருவர். ஒருவர் தலைநகரில் சுல்தானின் ஆசான், மற்றவர் எட்டயபுரத்துப் புலவர். நபிகளாரைக் கண்முன் நிறுத்தும் அதே வேட்கை ஒருவரிடம் பலகையாகவும், மற்றவரிடம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணமாகவும் ஆயிற்று. தமிழிலும் எழுத்தை வடிவில் அடைக்கும் சித்திரகவி உண்டு. தேரிலும் பாம்பிலும் தாமரையிலும் எழுத்துகளை அமைக்கும் பந்தங்கள் அதில் உண்டு. அவற்றுள் பாம்பில் அமையும் பந்தத்தைத் தண்டியலங்காரம் கூறுகிறது. அவற்றில் ஓரெழுத்து பிசகினாலும் பந்தம் அறுந்துவிடும். கட்டத்துக்குள் இருந்தவாறே பாட்டு வாசிக்கப்பட வேண்டும் என்பதுதான் அங்கும் விதி.

ஹில்யா நபிகளாரோடு நின்றுவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1654இல் மறைந்த கவிஞர் ஜெவ்ரீ நான்கு கலீஃபாக்களுக்கும் ஹில்யா பாடினார்; பிற நபிமார்களுக்கும் ஹில்யாக்கள் உள்ளன. பேராசிரியரின் மாணவரான அந்த இளைஞர் சில வாரங்களுக்குப் பின் நம்மைத் தேடி வந்தபோது இச்செய்திகளை அவரிடம் கூறினோம். வசனங்களை முகமாக்க வேண்டாம். ஆசிரியரை அறிந்தவர்களிடம் கேட்டு அவருடைய தோற்றத்தையும் பண்பையும் தமிழில் எழுதிப் பாருங்கள் என்றோம். அவர் ஒப்புக்கொண்டார். பழைய மாணவர்கள் பன்னிருவரிடம் சென்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் தொல்லை தொடங்கியது. ஹஜ்ரத் வேகமாக நடப்பவர் என்றார் ஒருவர். மெல்ல நடப்பவர் என்றார் மற்றொருவர். முன்னவர் 1970களில் ஓதியவர், பின்னவர் 1990களில் ஓதியவர். பிழை விடுபவரை நிமிர்ந்து பாராமல் விரலால் பலகையைத் தட்டுவார் என்பதில் மட்டும் பன்னிருவரும் ஒத்துப்போயினர். நிழற்படத்தில் அந்த விரல் இல்லை.

ஹில்யா போன்ற பலகை ஒன்றை அவர் செய்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் செய்தது வேறு. திரட்டிய தமிழ்க் குறிப்புகளைக் கொண்டே முகத்தை மீண்டும் கணினியில் அமைத்தார். பேரப்பிள்ளைகள் முகத்தைக் காண விரும்புகிறார்கள் என்பது அவர் கூறிய காரணம். அதனை மறுக்க நம்மிடம் சொல் இல்லை. நெற்றியிலும் கன்னத்திலும் வரிகள் நன்கு வாசிக்க வருகின்றன. தாடிக்குள் இறங்கியதும் எழுத்து இருண்டுவிடுகிறது. புதிய படத்தை அவர் அந்த முதிய ஹாஃபிழிடம் கொண்டுபோய்க் காட்டினார். முதியவர் கன்னம் வரை வாசித்தார். பின்னர், "மிச்சத்தைத் தனியா ஒரு தாளில் எழுதிக் கொண்டாங்க தம்பி, ஓதிப் பாத்துக்கிறேன்" என்றார்.